கண்ணாடிக்காரிக்கு எடுத்த அளவு

இன்னும் ரெண்டு வீடுதானாம், அப்புறம் நம்ம வீடாம். போன்ல ஒரு சின்ன ஸ்கூட்டர் படம் தெரு முக்குல நிக்குது, நகருது, மறுபடி நிக்குது. வாடா ராசா, சீக்கிரம் வாடா. ஐயோ இல்ல, வந்துராத. இந்தத் தங்கபுஷ்பம் எந்திரிக்கிற வரைக்கும் அங்கனயே யார்கிட்டயாவது வழி கேட்டுக்கிட்டு நில்லு. எதிர்த்த வீட்டுக்காரி, ஜாக்கெட்ட ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணும்னு பன்னெண்டு மணிக்கு வந்தவ, ரெண்டரை ஆச்சு, பாயில காலை மடக்கி உக்காந்து அவ நாத்தனா வாங்குன கிரைண்டர் கதைய அரைச்சுக்கிட்டே இருக்கா. நான் உம் கொட்டிக்கிட்டு மிதிக்கிறேன். மிசினு ஓடுது, கண்ணு போன்ல ஓடுது. எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. பார்சல் வந்தா அது வாங்குனவ சொத்து இல்ல, தெருச் சொத்து. அந்த டேப்பு இருக்கே, சனியன், பல்லால கடிச்சாலும் வராது. அதனால நல்ல கத்தரி வச்சிருக்கிற பேச்சி டெய்லர் வீட்டுக்குத்தான் தூக்கிக்கிட்டு வருவாளுக. நாலு பேரு கூடுவாளுக, நான் நறுக்குவேன், ஆளாளுக்குத் தொட்டுப் பாப்பாளுக, இது நம்ம பஜார்ல இன்னும் சல்லிசா கெடைக்குமேன்னு ஒருத்தி கட்டாயம் சொல்லுவா. தோசைக்கல்லு, தலைமுடிச் சாயம், பேரப்பிள்ளைக்கு நடவண்டி, எல்லாம் இந்தக் கத்தரியில பிரிச்சதுதான். தங்கபுஷ்பம் புருசனுக்கு வழுக்கையில தேய்க்கிற எண்ணெயக் கூட இங்க வச்சுத்தான் பிரிச்சோம், சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அப்ப சிரிச்சேன்ல நானும். இப்ப என் பார்சலு வருது.

அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுந்தான் தெரியும். ஏழு மாசத்துக்கு முந்தி மதுரையில வச்சு என் இடது மாரை எடுத்துட்டாக. தெருவுக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேசன். கர்ப்பப்பைன்னா ஒரு கேள்வி கேக்க மாட்டாக, ஊருல பாதிப் பேருக்கு எடுத்தாச்சு, வெந்நி குடிங்க மதினி, குனியாதீங்க மதினின்னு போயிருவாக. இது அப்படியா? மொதல்ல கண்ணு நேரா அங்கதான போகும். மக யமுனாவுக்குக் கூட பாதிதான் சொன்னேன், கட்டி எடுத்திருக்குன்னு. அவ அப்பத்தான் உண்டாகியிருந்தா. அந்தக் கட்டியக் கண்டுபிடிச்சது எந்த டாக்டரும் இல்ல, என் கைதான். சோப்புப் போடும்போது கடலப்பருப்பு தண்டி ஒண்ணு வெரலுக்கு அடியில நின்னுச்சு. துணியில ஒரு நூலு தூக்கியிருந்தா இருட்டுல கூடத் தடவிச் சொல்லிருவேன், அந்த வெரலு. அதுலருந்து இந்தக் கை அந்தப் பக்கம் போறதே இல்ல. தண்ணி ஊத்துவேன், துண்ட மேலால ஒத்துவேன், அம்புட்டுத்தான். தொட்டா இன்னொண்ணு தட்டுப்பட்டுட்டா? மூணு மாசத்துக்கொருக்கா டாக்டரம்மா தொட்டுப் பாக்காக, நல்லாருக்கு பேச்சியம்மான்னு சொல்லுதாக, அது போதும். வீட்டுக்கு வந்ததும் ஒரு துணிப்பை தச்சேன். பஞ்சு வச்சா கனம் இல்ல, தோளு ஒரு பக்கம் ஏறிக்கிச்சு. ஒரு பக்கம் கனம் இல்லேன்னா கழுத்து வெட்டு இழுத்துக்கிட்டுப் போகும்னு ஒரு டெய்லருக்குச் சொல்லித்தரணுமா? அரிசி வச்சேன், வேர்வையில புளிச்ச வாடை வந்துச்சு. கேழ்வரகு வச்சேன், கனமும் சரி, வடிவும் சரி, அடடா பேச்சின்னு என்னய நானே மெச்சிக்கிட்டேன். மூணாம் நாளு எறும்பு வந்துச்சு. யாரு வீட்டுலயோ விசேசம்னு நெனச்சு அதுக பாட்டுக்கு வரிசை கட்டி என் சேலை மேல ஏறுதுக. அழுறதா சிரிக்கிறதா தெரியல.

கிரைண்டர் கதை முடிஞ்சு இப்ப வெட் கிரைண்டருக்கும் மிக்சிக்கும் உள்ள வித்தியாசம் ஓடுது. பாவம் இவ நல்லவதான். நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கு ரசம் வச்சுக் கொண்டாந்தவ. ஆனா வாயி இருக்கே, அதுக்குத் தாப்பாளே கெடையாது. வெள்ளிக்கிழமை யமுனாவுக்கு வளைகாப்பு. பொண்ணோட ஆத்தா நான், மொத ஆளா நின்னு சந்தனம் தடவணும், ரெண்டு கையையும் நீட்டி வளையல் போடணும். சேலை வெலகும். நூறு பொம்பளைங்க நிப்பாளுக, அதுல அறுபது பேருக்கு ஜாக்கெட்டு தச்சுக் குடுத்தது நானு. டெய்லர் ஜாக்கெட்ட எப்படித் தச்சிருக்கான்னுதான மொதல்ல பாப்பாளுக? பாத்துட்டு ஒருத்தி இன்னொருத்திய இடிப்பா. யமுனா மாமியா காதுக்குப் போகும். வயித்துப் பிள்ளக்காரி, அவ முகம் வாடிப்போச்சுன்னா? இந்த ஒரு நாளு, இந்த ஒரே ஒரு நாளு நான் நேரா நின்னுட்டாப் போதும். இதுக்குன்னே செஞ்ச பாடி இருக்கு, ஒரு பக்கம் பை வச்சுத் தச்சு உள்ள சிலிக்கான் மாரு வச்சிருப்பாகன்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னா. எங்க வீட்டுக்காரருதான் போனாக வாங்கியார. மில்லுக்கு லீவு போட்டுட்டு மதுரைக்கு பஸ் ஏறிப் போன மனுசன் கடை வாசல்ல முக்கா மணி நேரம் நின்னுட்டு, ரெண்டு முறுக்குப் பாக்கெட்டோட திரும்பி வந்துட்டாக. கடையில எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்க பேச்சி, என்னன்னு கேக்கன்னாக. எனக்குக் கோவமே வரல. இத்தன வருசமா நான் மட்டும் என்னத்தக் கேட்டுட்டேன்? பஜார்ல பாடி வாங்கப் போனா மீசை வச்ச ஒருத்தன் என்ன சைசுன்னு கேப்பான், கேட்டுக்கிட்டே கண்ணாலயே அளப்பான், நான் தரையப் பாத்துக்கிட்டு ஒரு நம்பரச் சொல்லுவேன், பேப்பர்ல சுத்தித் திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுவான். ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவ, தப்பு அளவுல முப்பது வருசம் மூச்சு முட்டிக்கிட்டு அலைஞ்சேன். சொன்னா வெக்கக்கேடு.

போன்ல தேடிப் பாக்கலாம்னு ஒரு மத்தியானம் தோணுச்சு. எப்படி எழுதன்னு தெரியல. அதுல மைக்கு படம் ஒண்ணு இருக்கு, அதத் தொட்டு, கதவச் சாத்திட்டு, குசுகுசுன்னு சொன்னேன், ஒரு பக்கம் மாரு எடுத்தவங்களுக்குப் பாடின்னு. குசுகுசுன்னு சொன்னதும் கேட்டுச்சு பாருங்க அதுக்கு. வந்து விழுந்துச்சு வரிசையா. இத்தன இருக்கா? அப்ப இத்தன பேரு இருக்காளா? ஒவ்வொண்ணுக்குக் கீழயும் வாங்குனவங்க எழுதியிருந்தாக. நிறம் நல்லாருக்கு, தோள்பட்டை அறுக்கல, வேர்வையில கடிக்கலன்னு. ஓசூர்க்காரி ஒருத்தி தமிழ்ல எழுதியிருந்தா. மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டேன், யாருக்கும் தெரியவில்லை, கொஞ்ச நேரம் எனக்கே மறந்துபோச்சு. அவ்வளவுதான் எழுதியிருந்தா. பேரு கூட இல்ல, ஊரு மட்டுந்தான். அதப் படிச்சு நான் அழுத அழுகை ஆபரேசன் அன்னைக்குக் கூட அழல. நாப்பது தரம் படிச்சிருப்பேன். யாரு பெத்த மகராசியோ, எங்கயோ இருந்துக்கிட்டு என் தோளப் பிடிச்சு உக்கார வச்சா. இந்தப் போனச் சும்மா சொல்லக்கூடாது. பிள்ளைகளக் கெடுக்குது, கண்ணக் கெடுக்குதுன்னு நானே எம்புட்டுத் திட்டியிருப்பேன். ஆனா என் முகத்தப் பாக்காம, நெஞ்சப் பாக்காம, எதுக்கு ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, உனக்கு என்ன வேணும் தாயின்னு மட்டும் கேட்ட ஒரே கடை இந்த உள்ளங்கைக்குள்ளதான் இருந்துச்சு.

அளவு கேட்டுச்சு. அதுல நான் சூரி. ஜாக்கெட்டுன்னா உள்பிடி விட்டு ஒண்ணரை இஞ்சு கூட்டித்தான் கை எழுதும், இது பாடி, உடம்பு அளவுதான் குடுக்கணும்னு ஒவ்வொரு நம்பரா நெனப்பு வச்சுத் தட்டுனேன். பீரோக் கண்ணாடி முன்னால நின்னு, டேப்ப மேலாப்புல சுத்தி, கண்ணாடிக்குள்ள நிக்கிறவள மட்டும் பாத்து எடுத்தேன். நல்ல நெறமா, தோளு அகலமா, களைச்சுப்போன ஒரு பொம்பள. அவளுக்கு அளவு எடுக்கிறது எனக்குச் சிரமமா இல்ல, எத்தன பேருக்கு எடுத்திருக்கேன். எந்தப் பக்கம்னு கேட்டுச்சு, அதையும் பாத்துத் தட்டுனேன். அப்புறம் காசு. பார்சல் வந்தப்புறம் கையில குடுக்கலாம்னும் போட்டிருந்துச்சு, ஆனா கொண்டாரவன் வாசல்ல நின்னுக்கிட்டு தெருவுக்கே கேக்குற மாதிரி இன்ன சாமான் இன்ன ரூவான்னு கத்துவான். அதனால அப்பயே கட்டிருவோம்னு துணிஞ்சேன். என் மிசினு மேல ஒட்டியிருக்கே கட்டம் கட்டமா ஒரு அட்டை, போன வருசம் யமுனா வச்சுக் குடுத்தது, அதுக்கு நேரா போன நீட்டித்தான எல்லாரும் தையக்கூலி போடுறாளுக. அந்தக் காசு என் பேருல, என் போன்ல கெடந்துச்சு. ரகசிய நம்பர ஒவ்வொண்ணா அமுக்குனேன். டிங்குன்னுச்சு. முடிஞ்சுபோச்சு. எதுக்குடி இம்புட்டு வெலையிலன்னு யாரும் கேக்காம நான் எனக்குன்னு வாங்குன மொதச் சாமான் அது. அன்னைக்கு ராத்திரிச் சோறு ஒரு கை கூட எறங்குச்சு.

ஐயோ, ஸ்கூட்டர் சத்தம். நம்ம வாசல்லயேதான். போனும் அடிக்குது. பேச்சியம்மாள் மேடம், பார்சல்ங்கிறான். மேடமாம். தங்கபுஷ்பம் காது நிமிந்துருச்சு, நான் மிசினு விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள அவ நடையில நிக்கா, வாங்கிட்டா, கையில வச்சு எடை பாக்குறா. "என்ன மதினி, உள்ள என்ன இருக்கு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா? வளைகாப்புக்கா? குடுங்க அந்தக் கத்தரிய." கத்தரி என் கையிலதான் இருக்கு. ஒட்டியிருக்கிற சீட்டுல என்ன எழுதியிருக்கோ, படிச்சுட்டாளோ, கண்ணாடி போடாம அவளுக்குத் தெரியாது, கண்ணாடி போட்டிருக்காளா, இல்ல, போடல, அப்பாடா. "மிசினுக்கு பெல்ட்டுடி"ன்னேன். எங்கிருந்து வந்துச்சோ அந்தப் பொய். "பெல்ட்டா? இம்புட்டுப் பெரிய டப்பாவுலயா?" "ஆமா, ஒரு குண்டூசி வாங்குனாலும் அவன் இம்புட்டுப் பெருசாத்தான் அனுப்புவான், ஒனக்குத் தெரியாததா?" அவளுக்குச் சப்புன்னு போச்சு. பெல்ட்டப் பிரிச்சு யாரு பாப்பா. ஜாக்கெட்ட மடிச்சுக் குடுத்தேன், மிசினு மேல இருக்கிற அட்டையில போன நீட்டிக் காசப் போட்டா. செருப்ப மாட்டிக்கிட்டே திரும்பிப் பாத்து, "ஒடம்பப் பாத்துக்கோங்க மதினி, கை ரொம்ப ஓங்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. கையா? மாரு எடுத்தவளுக்குத்தான அந்தப் பக்கக் கை தூக்க வராது, கர்ப்பப்பைக்கு எதுக்குடி கை? தெரியுமோ இவளுக்கு? ரசம் கொண்டாந்த அன்னைக்கே தெரியுமோ? இந்த வாயில ஏழு மாசமா ஒரு சொல்லு நிக்குமா? நிக்காது. நின்னிருந்தாலும் நின்னிருக்கும். கதவத் தாப்பாப் போட்டேன்.

கத்தரிய வைக்கிறேன், டப்பா தொறக்குது. எத்தன பேரு பார்சல பிரிச்ச கை, இன்னைக்குப் பாரு, புதுசாத் துணி வெட்டப் பழகுறவ மாதிரி கோணலாப் போகுது. உள்ள தோல் நெறத்துல பாடி, என்ன அருமையான தையலு, ஒரு நூலு வெளிய தெரியல. தச்ச கைக்கு வளையலு போடணும். ஒரு கண்ணாடிக் கவருக்குள்ள ஒட்டுப் போட்டு அந்தச் சிலிக்கான் மாரு. கவருக்கு மேலாலயே அமுக்குனேன், கனமா, மெத்துன்னு, நெசம் மாதிரியே இருக்கு. அக்குள் பக்கம் கொஞ்சம் நீண்டு வால் விட்டு அழகா எறங்குது. கண்ணாடி முன்னால போயி ஜாக்கெட்டு மேல வச்சுப் பாக்குறேன். வாலு நடு நெஞ்சுக்கு வருது. திருப்புறேன், குழி வெளிய வருது. பாடியப் பாக்குறேன், பை வலது பக்கம். கவருல ஒரு சின்னச் சீட்டு, அதுலயும் வலது. அட நாசமாப் போறவனே, தப்பா அனுப்பிட்டியேடான்னு வாய் தொறந்துட்டேன். போன எடுத்து நான் போட்ட ஆர்டரப் பாக்குறேன். வலதுன்னுதான் இருக்கு. நான் தட்டுனது. நானே தட்டுனது. அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். எப்படி? எதிர்த்தாப்புல நிக்கிறவளுக்கு என் இடது கைப் பக்கம் இருக்கிறது அவளோட வலதுன்னு நோட்டுல மாத்தி எழுதி எழுதி இருபத்தாறு வருசப் பழக்கம். கண்ணாடிக்காரிக்கும் அப்படியே எழுதிட்டேன். கண்ணாடிக்குள்ள இருக்கிறவ கஸ்டமர் இல்லடி, நீதான்டி. உள்பிடி விடாம சூரித்தனம் பண்ணுன டெய்லரு, தன் உடம்பு எந்தப் பக்கம்னு தெரியாம போயிட்டா. ஒனக்கெல்லாம் ஒரு போர்டு வேற வாசல்ல.

தையல் பிரிக்கிற ஊசி கையில ஏறிருச்சு. பைய மட்டும் பிரிச்சு அந்தப் பக்கம் வச்சுத் தச்சிரலாம், அரை மணி வேலை. ஆனா சிலிக்கான வெட்ட முடியாது, வாலு நடு நெஞ்சுலதான் நிக்கும், பிரிச்சுட்டா அவன் திருப்பி வாங்கவும் மாட்டான். ஊசியக் கீழ வச்சேன். பஜார்ல ஒரு பாடிய மாத்தப் போனாலே கடைக்காரனோட சிரிச்ச மூஞ்சி எங்க போகும்னு தெரியாது, பிரிச்சதயெல்லாம் கொண்டாந்து நீட்டுறியேம்மான்னு கடை பூராக் கேக்க வைப்பான். பயந்துக்கிட்டே மாத்துறதுக்குன்னு இருக்கிற எடத்தத் தொட்டேன். ஏன் மாத்துறீங்கன்னு கேட்டு நாலு வரி வருது. அளவு சரியில்லை. பொருள் சேதம். நிறம் பிடிக்கவில்லை. நான் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்படி ஒரு வரியவே எழுதி வச்சிருக்கான் பாரு. அப்ப எனக்கு முன்னாடி எத்தன பேரு தப்பாத் தட்டியிருப்பாளுக. ஒருத்தியும் திட்டு வாங்கல, ஒருத்தியும் தலையக் குனியல. அதத் தொட்டேன். கவர் பிரிக்காமல் இருந்தால் மாற்றித் தருவோம், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்னு சொல்லுது. வியாழன். வளைகாப்பு வெள்ளி. பத்திரகாளி, என் தாயே, ஒரு நாளு மிச்சம் இருக்கு. மாத்திக் கொண்டாரவன் இதையும் எடுத்துக்கிட்டுப் போவானாம், காசு ஒண்ணும் கூடக் கெடையாதாம். இத எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ, அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்.

கடைசியா அது மறுபடியும் கேக்குது. எந்தப் பக்கம்? இடது, வலது, ரெண்டு வட்டம், ரெண்டும் வெள்ளையா நிக்குது. எனக்குத் தெரியாதா? மதுரையில படுத்தவ நானு. ஆனா அன்னைக்கும் தெரியும்னுதான தட்டுனேன். கண்ணு தானாக் கண்ணாடிப் பக்கம் போகுது. அவ அங்க நிக்கா, எதிர்த்தாப்புல, அளவு எடுங்கன்னு நிக்கிற மாதிரி. வேண்டாம் தாயி, நீ சொல்றது எனக்குச் சரிப்படாது. பீரோவுக்கு முதுகக் காட்டித் திரும்பி உக்காந்தேன். வலது கைய எடுத்தேன். கை பாதியில நின்னுருச்சு. கடலப்பருப்பு தண்டி ஒண்ணு அங்க இருந்துட்டா? இருந்தா இருக்கட்டும், தொடாம இருந்தா மட்டும் இல்லாமப் போயிருமா? ஓசூர்க்காரி, கூட இருடி. ஜாக்கெட்டுக்குள்ள கைய விட்டேன். தையலு நீளமா இருக்கு, நல்லாத்தான் தச்சிருக்காக, ஓரம் கொஞ்சம் சுருக்கம். தோலு மரத்துக் கெடக்கு. வெரல நகத்தி நகத்திப் பாக்குறேன், மேல, கீழ, அக்குள் வரைக்கும். ஒண்ணும் தட்டுப்படல. தட்டுப்படவே இல்ல. ஒண்ணுமே இல்லாத எடம்னுதான நெனச்சுக்கிட்டிருந்தேன், உள்ளங்கைய அகலமா வச்சா அதுக்கு அடியில திடும் திடும்னு அடிக்குது, சதை இல்லாததால முந்தியவிடக் கிட்டத்துல. அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போன் வெளிச்சம் அணையப் போகுது. தட்டுற கை நெஞ்சுல இருக்கு, எடுக்க மனசு இல்ல. தூக்க முடியாம செவத்தப் பிடிச்சு ஏழு மாசமா ஏத்திப் பழக்குன அந்த இடது கையால போனப் பிடிச்சு, அதே கைப் பெருவெரலால தட்டுனேன். இந்தப் பக்கந்தான். இடது.